பன்னிரண்டு சதுர மீற்றருக்கு எந்தக் கலிபர்?

போன சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு நகைக்கடைக்குள் நின்றுகொண்டு, கையில் இருந்ததை நீட்டி, "ஒருத்தரும் அசையக்கூடாது" என்றேன்.

கையில் இருந்தது ஹெயார் டிரையர். பக்கத்துப் பியூட்டி பார்லரில் இரவல் வாங்கியது. ரோஸ் நிறம். வயரைச் சுருட்டி ஜக்கெட் பொக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். வயர் தொங்குகிற கொள்ளைக்காரருக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்?

இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன்? எல்லாம் ஆர்வக்கோளாறுதான்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியும். எதிலும் அளவாக இறங்கத் தெரியாத ஆள். முந்தின வருஷம் பிரெஞ்சுச் சீஸ்... வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் அப்பா மூக்கைப் பொத்துவார். அதற்கடுத்து ஜப்பானிய மொழி, ஆறு கிழமை. இந்த வருஷம் துப்பாக்கி சுடுதல். பகல் முழுக்க ஒரு காப்புறுதிக் கம்பனியில் எக்செல் கட்டங்களை நிரப்புகிற ஒருத்திக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது எதையாவது ஓட்டை போட வேண்டும் போல் இருக்காதா?

திரான்சி என்கிற புறநகருக்கு அங்கால் ஒரு கிளப். அங்கே இருக்கும் சின்னக் கலிபர், அதாவது சின்னக் குண்டு போடுகிற பிஸ்டல், பொயின்ட் இருபத்திரண்டு, கிளப்புக்குச் சொந்தம். கிளப்பிலேயே பூட்டி வைப்பார்கள். எனக்குச் சொந்தமானது காது மூடி மட்டும். இதுவரை எனக்கு எதிரில் நின்றதெல்லாம் கடதாசி. அதிலும் பாதிக் கடதாசி உயிர் தப்பிவிட்டது.

அம்மா சொந்தக்காரருக்குச் சொல்லி வைத்திருப்பது, நான் யோகா வகுப்புக்குப் போகிறேன் என்று. ஆனால் லா ஷப்பலில் எல்லாச் சாமானும் கிடைக்கும், ரகசியம் மட்டும் கிடைக்காது. அப்படித்தான் விஷயம் நேசன் அண்ணையின் காதுக்கு எட்டியது.

நேசன் அண்ணையும் அவருடைய மனைவி வதனி அக்காவும் பதினொரு வருஷமாக அந்த நகைக்கடையை நடத்துகிறார்கள். அண்ணை கடையின் பின்பக்கம் பட்டறை மேசையில் இருந்து நகை செய்வார். அக்கா நடுவில், கவுண்டரில். முன்னால் இரண்டு கண்ணாடிக் கதவு. வெளிக்கதவு யாருக்கும் திறக்கும். உட்கதவு, அண்ணை தன் மேசையில் இருக்கும் பட்டனை அமத்தினால் மட்டும் திறக்கும்.

மார்கழியில் ஒருநாள் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். அண்ணை வழக்கம் போல் பட்டனை அமத்தினார். ஒருவன் கறுப்பாக எதையோ வதனி அக்காவின் நெற்றிக்கு நேரே நீட்டினான். மற்றவன் காப்புத் தட்டு ஒன்றை அள்ளினான். ஒரு நிமிஷமும் இல்லை. போய்விட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. காப்புக்குக் காப்புறுதி இருந்தது.

பட்டனை அமத்துகிற விரலுக்கு ஒருவரும் காப்புறுதி செய்திருக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு யார் வந்தாலும் அண்ணை மேசையில் இருக்கும் சின்னத் திரையை உற்றுப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிற ஆட்கள் கையைக் காட்டுவார்கள், சிரிப்பார்கள், பிறகு சிரிக்க மாட்டார்கள். அதே தெருவில் வேறு நகைக்கடை இல்லையா என்ன? ஒருநாள் தன் சொந்த மச்சாளையே ஏழு நிமிஷம் அதற்குள் நிற்பாட்டி வைத்தாராம். அவர் இப்போது இவர்களோடு கதைப்பதில்லை.

கடைசியில் அண்ணை ஒரு முடிவுக்கு வந்தார். பங்குனிக்குள் ஒரு துவக்கு, அதாவது கைத்துப்பாக்கி. இல்லையென்றால் கடையைக் கொடுத்துவிட்டு லண்டனில் தம்பியின் வீட்டுக்கு. வதனி அக்காவிடம் கேட்டாரா? கேட்கவில்லை. அறிவித்தார்.

லா ஷப்பலில் ஒரு மனிதருக்குத் துவக்கு வேண்டுமாம் என்று செய்தி பரவினால் என்ன நடக்கும்? துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனம் அல்லவா... எல்லாரும் ஓடிவந்து தடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. எல்லாரிடமும் ஒரு கலிபர் இருந்தது.

தேத்தண்ணிக் கடையில் அன்றைக்குப் பெரிய மாநாடு. பியர்ஃபித்தில் இருந்து பலசரக்குக் கொண்டுவந்து இறக்குகிறவர் நாற்பத்தைந்துதான் என்று அடித்துச் சொன்னார். காரணம்? அது பெரிது. அரிசி மூட்டை வாங்குகிற அதே தத்துவம். கணக்காளர் ஒருவர் ஒன்பது மில்லிமீற்றர் கட்சி. பொலிஸ் வைத்திருப்பது அதுதானாம். வரி கட்டுகிறவனுக்கும் அதுவே நியாயமாம். மூன்றாமவர் முப்பத்தெட்டு ரிவோல்வர். அது பழைய டீசல் வான் மாதிரி, எந்தக் குளிரிலும் ஸ்டார்ட் எடுக்கும் என்றார். இவர்கள் மூன்று பேரும் தங்கள் வாழ்க்கையில் கடைசியாகச் சுட்டது தோசையாகத்தான் இருக்கும்.

அந்த மேசையில் ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. யுத்தம் நடந்த வன்னியில் இருந்து வந்தவர், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். உண்மையில் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள். அவரிடம்தான் ஒரு கலிபரும் இல்லை.

அதைக் கண்டாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்ததா? நான் அடுத்த நாள் பிரிண்ட் எடுத்த நான்கு பக்கங்களோடு கடைக்குப் போனேன்.

முதலில் சட்டம். இந்த நாட்டில் "என்னைக் காப்பாற்ற வேணும்" என்று சொல்லிப் பிஸ்டல் வாங்க முடியாது. விளையாட்டுக்குச் சுடுகிறவர்கள் அனுமதி எடுக்கலாம். ஆபத்தான தொழில் செய்கிறவர்கள், நகைக்கடைக்காரர் மாதிரி, பிரெபெக்சருக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, விண்ணப்பிக்கலாம். கொடுப்பது அபூர்வம். கொடுத்தாலும் கடையிலேயே, இரும்புப் பெட்டிக்குள். இடுப்பில் செருகிக்கொண்டு கோயில் தேருக்குப் போக முடியாது. அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தொசியே, விண்ணப்பக் கோப்பு, ஏற்கெனவே தயார்: டொக்டர் கடிதம், கொள்ளை நடந்ததற்குப் பொலிஸில் எடுத்த பேப்பர், கடைப் பதிவு, எல்லாம் பிளாஸ்ரிக் உறைக்குள். ஒரே ஒரு கட்டம்தான் வெறுமையாக இருந்தது. ஆயுதத்தின் வகை, கலிபர்.

"பிள்ளை, இதில என்ன எழுதுறது?" என்று கேட்டார் அண்ணை. "நீர்தானே சுடுற ஆள். சொல்லும். ஒம்பதோ, முப்பத்தெட்டோ?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு பவ்வியமாக எதையும் கேட்டதில்லை. நாற்பது நிமிஷம் பேசினேன். பொயின்ட் இருபத்திரண்டு கையை உதறாது, பழகச் சுகம்; ஆனால் வேகமாக ஓடிவருகிறவனை நிறுத்தும் என்று நம்ப முடியாது. முப்பத்தெட்டு ரிவோல்வர் எளிது, சிக்கல் குறைவு. ஆனால் ஐந்தாறு வெடிதான். ஒன்பது மில்லிமீற்றர் எல்லா இடமும் கிடைக்கும், பழகச் செலவு குறைவு. நாற்பத்தைந்து உதைக்கும். இணையத்தில் இரவு பகலாகச் சண்டை பிடிக்கிறவர்கள் சொல்கிற அளவுக்கு இவற்றுக்குள் வித்தியாசம் இல்லை. எங்கே படுகிறது என்பதுதான் பெரிது. கை நடுங்கினால் எல்லாக் கலிபரும் ஒரே கலிபர்தான்.

அண்ணை கொப்பியில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசி வசனத்தை மட்டும் குறிக்கவில்லை.

அடுத்து, சுவர். கிளப்பில் முதல் நாளே மண்டைக்குள் ஏற்றுகிற பாடம் இது: உன் குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் விசையைத் தொடாதே. அதனால் நான் அளவு நாடாவோடு இறங்கினேன். கடை பன்னிரண்டு சதுர மீற்றர். லா ஷப்பல் கடைகளைத் தெரியும்தானே? ஒரு காலத்தில் ஒரு கடை. இப்போது நடுவில் பலகை அடித்து மூன்று கடை. இவர்களுடைய இடப்பக்கச் சுவர் முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி. பார்க்கக் கோட்டை மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் என்ன? விரலால் தட்டிப் பார்த்தேன். டொக் டொக். பிளாஸ்டர் அட்டை.

அந்தப் பக்கம் இருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். டொக் டொக்.

"என்ன வதனி, சீனி முடிஞ்சுதோ?" என்று சுவருக்குள் இருந்து குரல் கேட்டது. பியூட்டி பார்லர் சுதா அக்கா. அவருடைய, புருவத்துக்கு நூல் போடுகிற கதிரை அந்தச் சுவரோடு முதுகை ஒட்டித்தான் இருக்கிறதாம். நகைக்கடை நேசன் அண்ணை சுடுகிற குண்டு நேரே தவறினால் தெரு. கொஞ்சம் இடப்பக்கம் தவறினால் யாரோ ஒரு மணப்பெண்ணின் புருவம். பிளாஸ்டர் அட்டைக்கு ஒன்பது என்ன, முப்பத்தெட்டு என்ன? என் சின்னஞ்சிறிய இருபத்திரண்டே கடதாசிக்குள்ளால் போவது மாதிரிப் போகும்.

நான் சோர்ந்துபோனேனா? இல்லை. சந்தோஷப்பட்டேன். எனக்கு ஒரு புரொஜெக்ட் கிடைத்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இரும்புத் தகடு. பட்டறை மேசையைச் சரித்துப் போடுவது. கோணம். ஆறு படம் கீறினேன். கடைசியில், எதற்கும் ஒருதரம் நடித்துப் பார்த்துவிடுவோம், நேரம் எடுத்துப் பார்ப்போம் என்று சொன்னதும் நான்தான். சனிக்கிழமை, ஆட்கள் வரமுதல்.

ஹெயார் டிரையர் வந்த கதை இதுதான்.

முதல் ஒத்திகை. நான் கொள்ளைக்காரி. அண்ணை பின்னால், பூட்டிய பெட்டிக்குள் கற்பனைத் துவக்கு. "அசையக்கூடாது" என்றேன். அண்ணை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். திறப்பைத் தேடினார். திறப்பு பிள்ளையார் படத்துக்குப் பின்னால் என்று வதனி அக்காதான் ஞாபகப்படுத்தினார். கதிரையில் ஏறி எடுத்தார். பெட்டியைத் திறக்க ஐம்பத்திரண்டு செக்கன். அதற்குள் நான் காப்புத் தட்டுகளைப் பார்த்து, பிடித்த டிசைனைக்கூடத் தெரிவுசெய்துவிட்டேன்.

இரண்டாவது ஒத்திகை. சரி, துவக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணை பற்றவைக்காத ஊதுகுழாயைப் பிடித்துக்கொண்டார். நான் மறுபடி கதவடியில் இருந்து கத்தினேன். அண்ணை கையை நீட்டினார்.

எனக்கு அண்ணையைத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது வதனி அக்காவின் மூக்குக்கண்ணாடியும் நெற்றிப் பொட்டும்தான். அண்ணை இடப்பக்கம் சரிந்தார். உதவி செய்வதாக நினைத்து அக்காவும் இடப்பக்கம் சரிந்தார். அண்ணை வலப்பக்கம், அக்காவும் வலப்பக்கம். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். கதவுக்கும் பட்டறை மேசைக்கும் ஒரு கோடு கீறினால், அது அக்காவின் தலைக்குள்ளால்தான் போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, குனியுங்கோ" என்றேன்.

அக்கா குனியவில்லை. திரும்பிக் கணவனைப் பார்த்தார்.

"அண்டைக்கும் நான் இதிலதான் நிண்டனான்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவன் அங்காலை. நீங்கள் இஞ்சாலை. உங்கட கையில ஒண்டு இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் நடுவில நான். இப்ப சொல்லுங்கோ, எனக்கு எந்தக் கலிபர் நல்லம்?"

அண்ணை ஊதுகுழாயை மேசையில் வைத்தார். நான் ஹெயார் டிரையரை இறக்கினேன்.

இரண்டு கிழமையாகச் சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அளந்தவள் நான். படம் கீறினேன், கோணம் பார்த்தேன். முன்னால் யார் நிற்கிறார் என்று ஒருதரமாவது கேட்டேனா? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் மணி அடித்தது.

இரண்டு கதவுக்கும் நடுவில் பதினொரு பேர்.

பொன்னுருக்கலுக்கு வந்தவர்கள். கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் பார்த்து, தாலிக்குரிய பொன்னை உருக்குகிற சடங்கு. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் செய்ய வேண்டியது. இங்கே ஆறாம் மாடி அப்பார்ட்மென்டில் நெருப்பு மூட்டினால் முதலில் புகை அலார்ம் வாழ்த்தும், பிறகு கீழ்வீட்டுக்காரர் வாழ்த்துவார். ஆகவே கடையில். நேரம் பத்து நாற்பது முதல் பதினொன்று பத்து வரை. அப்போது பத்து ஐம்பது. தாம்பாளம், குத்துவிளக்கு, தேங்காய், ஒரு தள்ளுவண்டிக் குழந்தை... எல்லாம் கண்ணாடிக்குள் அமுங்கிப்போய் நின்றன. மாப்பிள்ளையின் அம்மா கைக்கடிகாரத்தைக் கண்ணாடியில் தட்டிக் காட்டினார்.

அண்ணை பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அமத்தவில்லை.

நானும் எட்டிப் பார்த்தேன். அந்தத் தீப்பெட்டி அளவுத் திரையில் தலைகள் மட்டும்தான் தெரிந்தன. பத்துத் தலை. ஒரு ஹெல்மெட்.

நானே பாய்ந்து அமத்தியிருப்பேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். இது என் விரலால் தீர்கிற இருபது நிமிஷம் இல்லை, அவர்களுடைய பதினொரு வருஷம். இந்தக் கூட்டம் திரும்பிப் போனால் அந்தக் கதை பின்னேரத்துக்குள் லா ஷப்பலைச் சுற்றி வந்துவிடும். பிறகு யார் இங்கே தாலி செய்ய வருவார்கள்? லண்டனுக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்.

"அதுக்குள்ள என்னத்தைத் தேடுறியள்?" என்றார் அக்கா. "இதில வந்து நிண்டு பாருங்கோ."

அண்ணை எழும்பினார். மேசையைச் சுற்றி, கவுண்டரைத் தாண்டி, உட்கதவின் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றார். மூன்று மாதத்தில் அவர் வேலை நேரத்தில் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிறகு சொன்னார்.

ஹெல்மெட்டுக்குக் கீழே ஜக்கெட். ஜக்கெட்டுக்குக் கீழே பட்டு வேட்டி. வேட்டிக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் சப்பாத்து.

"நீர் ஆர்?" என்று அண்ணை கண்ணாடிக்குள்ளால் கேட்டார்.

ஹெல்மெட் கழன்றது. உள்ளே இருந்த முகம் சிவந்திருந்தது. "மாப்பிள்ளை, அண்ணை. ஸ்கூட்டருக்குப் பார்க்கிங் கிடைக்கேல்லை."

அண்ணை ஓடிப்போய்ப் பட்டனை அமத்தினார். ஓடித்தான் போனார், அந்த வயிற்றோடு அப்படி ஓட முடியும் என்று நான் நினைக்கவில்லை. பதினொரு பேரும் ஒரு தள்ளுவண்டியும் உள்ளே வந்தார்கள். ஒருவர் என் கையில் தேங்காயைத் தந்தார். மற்றக் கையில் ஹெயார் டிரையர். "தங்கச்சி, நீங்கள் எந்தப் பக்கம்?" என்று ஒரு மாமி கேட்டார். என்ன சொல்ல? கொள்ளைக்காரர் பக்கம் என்றா?

பதினொன்று பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்க, பொன் உருகிவிட்டது. அண்ணையின் கையில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் கண்ணாடிச் சுவரோடு ஒட்டி நின்று, பழக்கதோஷத்தில், ஒரு குண்டு போக வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் யாரோ ஒருவருடைய தோள், யாரோ ஒருவருடைய பிள்ளை. போதாததற்குக் கண்ணாடியில் இன்னொரு பதினொரு பேர்.

அன்றைக்கு எனக்கு ஒன்று பிடிபட்டது. கலிபர் என்பது நாங்கள் எல்லாரும் கதைக்கக்கூடிய பகுதி. அதற்கு எண் இருக்கிறது. எண் இருந்தால் கட்சி பிரிக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம், நிபுணர் ஆகலாம். யார் எங்கே நிற்கிறார் என்பதற்கு எண் கிடையாது. அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

அண்ணை உடனே திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கூட்டம் போனதும் அவர் முதலில் கேட்டது, கவுண்டரை அரை மீற்றர் வலப்பக்கம் தள்ளினால் வதனி வழியில் நிற்க மாட்டாள்தானே என்று. நான் ஹெயார் டிரையரின் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். எனக்குப் போதும்.

"தள்ளத் தேவையில்லை," என்றார் அக்கா, விளக்கைத் துடைத்துக்கொண்டே. "நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ. துவக்கை என்னட்டைத் தாங்கோ. நான் பின்னுக்கு இருந்து சுடுறன்."

அண்ணை அவரைப் பார்த்தார். கவுண்டரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஒரு எலெக்ட்ரீசியன் வந்து பட்டனைக் கவுண்டருக்கு மாற்றினார். இப்போது அண்ணை முன்னால் நிற்கிறார், வருகிறவர்களைத் தலையில் இருந்து கால் வரை தன் கண்ணால் பார்த்துத் திறக்கிறார். இன்னும் தாமதம்தான், ஆனால் நிமிஷக்கணக்கு செக்கன்கணக்கு ஆகிவிட்டது. உருக்கு வேலைக்கு மட்டும் பின்னால் போகிறார். தொசியே மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அந்தக் கட்டத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை. லண்டன் பேச்சையும் எடுக்கவில்லை.

பட்டறை மேசையில் இப்போது வதனி அக்கா. நேற்று எனக்கு அங்கே இருந்து ஒரு வாட்ஸ்அப்: "பிள்ளை, உங்கட கிளப்பில மூக்குக்கண்ணாடி போட்ட ஆக்களையும் சேர்ப்பினமோ?"